பழைய காரும் ஊமையான ஹோர்னும்

இலங்கையின் வீதிகளில் மொரிஸ் மைனர் காரை அறியாதவர் அரியர். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை உற்பத்தி செய்யப்பட்ட அச்சிறு கார், மொத்தம் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவியது. பிறந்த நாட்டிலே அது பழம்பொருளாகிவிட்ட பின்னரும், இந்நாட்டில் பலர் அதனைப் பேணிக் காத்து வருகின்றனர்.

அத்தகைய காரொன்றைத் தகப்பனாரிடமிருந்து பெற்ற ஒருவர் கண்டியில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், பின்வரும் நிகழ்ச்சியை எளிதில் மனக்கண்ணாற் காணலாம். ஸ்டியரிங் என்று வழங்கும் சுக்கான் சக்கரம் வெடித்துப்போனமையால், அவர் மரப்பிடியிட்ட, சற்றே சிறிய புதிய சக்கரம் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார். மறுநாட் காலை குடும்பத்துடன் நுவரெலியாவுக்குப் புறப்படுகிறார். றம்பொடைப் பக்கத்து வளைவொன்றில் எதிரே லொறியொன்று வருவதைக் கண்டு சக்கரத்தின் நடுவே அழுத்துகிறார். ஓசை எழவில்லை. பிரேக் பிடித்தமையால் ஆபத்து நீங்குகிறது. ஆனால், பின்னிருக்கையில் இருந்த குழந்தைகளின் முகம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஊர் திரும்பியதும் கராஜில் அவருக்குக் கிடைக்கும் புத்திமதி, வண்டியின் கம்பிகள் யாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டும் என்பதே. இது பெருஞ்செலவு. அச்செலவு வேண்டியதுதானா என்பதை அறிய, ஹோர்ன் ஒலிக்கும் முறையை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று.

ஹோர்னுக்குள்ளே ஒரு மின்காந்தமும் மெல்லிய உலோகத் தகடும் உள்ளன. மின் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கிறது. இழுத்த அக்கணமே உள்ளிருக்கும் தொடுமுனை விலகி மின் நிற்கிறது. தகடு பழைய நிலைக்கு மீள்கிறது. ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை இவ்வாறு நிகழ்வதனால் ஓசை உண்டாகிறது.

இங்கே பலர் தவறாக எண்ணும் செய்தி ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தும்போது அதன் வழியாக ஹோர்னுக்கு மின் அனுப்பப்படுகிறது என்பது அவ்வெண்ணம். அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் அவ்வாறன்று. பற்றரியிலிருந்து வரும் கம்பி பியூஸைக் கடந்து ஹோர்னிலே எப்போதும் காத்து நிற்கிறது. ஹோர்னின் மறுமுனையிலிருந்து புறப்படும் இரண்டாவது கம்பி சுக்கான் தண்டுக்கு வந்து, அங்குள்ள செப்பு வளையத்தையும் அதன்மேல் உராயும் தொடுமுனையையும் கடந்து பொத்தானை அடைகிறது. பொத்தானின் வேலை, அக்கம்பியை வண்டியின் உலோக உடலுடன் சேர்ப்பது மாத்திரமே. இதனையே தொழிலாளர் 'ஏர்த்' கொடுத்தல் என்பர்.

இவ்வுண்மை விளங்கினால், சக்கரத்தை மாற்றியதும் ஹோர்ன் ஊமையாவதன் காரணமும் விளங்கும். பழைய சக்கரம் தண்டின்மேல் நேரே இருந்தது. புதிய சக்கரமோ, பொஸ் எனப்படும் இடைத்துண்டு ஒன்றின்மேல், பெரும்பாலும் 6 திருகாணிகளாற் பூட்டப்படுகிறது. அத்துண்டின் மேற்பூச்சும் சக்கரக் கைகளின் மேற்பூச்சும் மின்னைத் தடுக்கும் இயல்பின. புதிய பொத்தானுக்கு ஒரே முனைதான் இருப்பின், அது தன் ஓரத்து உலோகத்தால் ஏர்த் பெற வேண்டும். இடையே பூச்சு இருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். பொத்தானுக்கு இரு முனைகள் இருப்பின், ஒன்றை மட்டும் இணைத்து மற்றதை வெறுமனே விட்டுவிடுவதும் உண்டு.

ஆயினும், காரணத்தை ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்குதல் தகாது. முறையாகச் சோதித்தலே சிறந்தது. இதற்கு வேண்டியவை ஒரு சிறு 12 வோல்ட் சோதனை விளக்கும், ஒரு முழ நீளமான கம்பியுமே.

முதலாவது, பியூஸ். அது கருகியிருந்தால் மாற்றுக. ஆனால், பழைய கண்ணாடிப் பியூஸில் 35 என்று பொறித்திருப்பது அது எரிந்துபோகும் அளவாகும். தொடர்ந்து தாங்கும் அளவு அதன் பாதிதான். ஆகவே அதன் இடத்தில் இக்காலத்து 35 ஆம்பியர் பியூஸை இடுதல் கம்பிகளுக்குக் கேடு விளைக்கும்.

இரண்டாவது, ஹோர்ன். அதன் இரு கம்பிகளையும் கழற்றி, திறப்பைத் திருப்பி வைத்து, விளக்கின் ஒரு முனையைத் துப்புரவான உடல் உலோகத்திலும் மறுமுனையை ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்க்கவேண்டும். விளக்கை எரியச் செய்வது மின் வரும் கம்பி. அதனை உடலில் தொடுவித்தல் எக்காரணங்கொண்டும் ஆகாது. அக்கம்பியை ஹோர்னில் மீண்டும் பூட்டி, ஹோர்னின் மறுமுனையைத் தனிக்கம்பியால் உடலுடன் இணைக்க வேண்டும். ஓசை எழுந்தால் ஹோர்ன் குற்றமற்றது.

மூன்றாவது, சுக்கான் தண்டின் அடி. இரண்டாவது கம்பியையும் ஹோர்னிற் பூட்டியபின், அது தண்டை அடையும் இடத்தில் அதன் முனையை உடலில் தொடுவிக்க, ஹோர்ன் ஒலிக்க வேண்டும். ஒலியாவிடின், இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவிலேதான் கம்பி அறுந்திருக்கிறது.

நான்காவது, சக்கரத்தின் நடு. பொத்தானைப் பெயர்த்தெடுத்து, அங்கே வந்து நிற்கும் கம்பியை நடுவிலுள்ள பெரிய சுரையில் தொடுவிக்க வேண்டும். ஓசை எழுந்தால், குற்றம் பொத்தானில் அல்லது பொத்தான் ஏர்த் பெறும் வழியில் உண்டு. ஓசை எழாமல், அதே கம்பியைத் தனிக்கம்பியொன்றால் வண்டியின் உடலுடன் இணைத்தபோது எழுந்தால், தண்டுக்கே ஏர்த் இல்லை என்பது பொருள். தண்டின் நடுவே இறப்பர் இணைப்புள்ள கார்களில் இது நிகழும். அவ்விணைப்பைத் தாண்டி ஒரு கம்பியிட்டால் குறை தீரும். இரண்டு விதத்திலும் ஓசை எழாவிடின், வளையத்தையும் தொடுமுனையையும் பார்க்க வேண்டும். புதிய இடைத்துண்டின் உயரம் வேறுபட்டால், தொடுமுனை வளையத்தை எட்டாமற் போவதுண்டு.

வண்டி தானே சொல்லும் குறிப்புகளும் உள. நேரே செல்லும்போது ஒலித்து, திருப்பும்போது நின்றால், வளையத்தில் அழுக்கு உண்டு. திருப்பும்போது தானாக ஒலித்தால், கம்பி எங்கோ உரசித் தோலிழந்துள்ளது. ஓசை நலிந்து முனகினால், இணைப்பொன்று துருப்பிடித்துள்ளது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சோதனை விளக்குக்குச் சிறிதளவு மின்னே போதும்; ஹோர்னுக்கோ பல ஆம்பியர் வேண்டும். துருவேறிய இணைப்பின் வழியே விளக்கு எரியும், ஹோர்ன் ஒலியாது. ஆகவே விளக்கு எரிந்தது என்பதனால் இணைப்பு நன்று என்று முடிவு செய்யலாகாது.

கண்டிக்காரரின் வண்டியில் நான்காவது சோதனை குற்றத்தைக் காட்டிவிடும். பொத்தானின் இரண்டாவது முனை வெறுமனே கிடக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் கம்பியை எடுத்து, இடைத்துண்டின் திருகாணி ஒன்றின் கீழே, பூச்சைச் சுரண்டிய உலோகத்தில் இறுக்கினால் வேலை முடிந்தது. வண்டி முழுவதும் கம்பி இழுக்கும் செலவு ஒரு சாண் கம்பியோடு ஒழிகிறது.

சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால், முதலிற் பற்றரியின் இணைப்பை விலக்குதலும், சக்கரம் நேராக நிற்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுதலும், மீண்டும் பூட்டும்போது நடுச்சுரையை வண்டிக்குரிய அளவுக்கு இறுக்குதலும் கடமையாகும். ஹோர்ன் ஒலியாவிடினும் வண்டியை நிறுத்தலாம்; சக்கரம் கையோடு வந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சுக்கானுக்குள் காற்றுப்பை பொருத்திய இக்காலக் கார்களில் இவ்வேலையில் தாமே கையிடுதல் கூடாது.

சிலர் இத்தனை தொல்லை எதற்கு என்று, சாரதியின் முன்பலகைக்கு அடியில் தனிப்பொத்தான் ஒன்றை வைத்துவிடுகின்றனர். அமைதியாக ஓட்டும்போது அது போதியதாகத் தோன்றும். ஆனால் வளைவிலே லொறி எதிர்ப்படும் கணத்தில் மூளை நிதானித்து இடம் தேடுவதில்லை. கை தான் பழகிய இடத்துக்கே, சக்கரத்தின் நடுவுக்கே, ஓடுகிறது. ஓசையும் அவ்விடத்திலேயே பிறத்தல் வேண்டும். அடுத்த முறை றம்பொடை வளைவில் அவர் கை வைக்கும்போது, எதிரே வரும் லொறிக்காரருக்கு அது கேட்கும்.