ஊருக்குள் இறங்கும் இன்னோர் ஊர்



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே ஆன் ஆர்பர் என்றொரு பல்கலைக்கழக நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 124,000 பேர். 1927இல் திறக்கப்பட்ட அதன் உதைபந்து மைதானத்திலோ 107,601 ஆசனங்கள்! உதைபந்து என்று பெயரே தவிர, பந்தைப் பெரும்பாலும் கையிலேதான் கொண்டோடுகிறார்கள்.

இலையுதிர்காலச் சனிக்கிழமையில் ஆட்டமென்றால் ஊருக்குள் இன்னோர் ஊர் வந்திறங்கும். அயல்வீட்டார் தம் புல்தரையையே கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, இறைச்சி வாட்டி, பியர் அருந்தி, காலையிலேயே கொண்டாட்டம் தொடங்கிவிடும்.

ஆட்டத்தில் நாட்டமில்லாதவர் என்ன செய்வார்? பழகியவர்கள் வெள்ளிக்கிழமையே கடைச்சாமான் வாங்கி வைத்துவிடுவார்கள். தவறினால், ஆட்டம் தொடங்கும்வரை பொறுத்திருப்பார்கள். பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கும். முடிவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வசதியுள்ளவரின் உபாயம். பஸ்ஸை நம்பியிருக்கும் முதியவருக்கு அன்று பஸ் பாதையே மாறியிருக்கும். அன்று கடமைக்குப் போகவேண்டிய தாதியின் பாடு இன்னும் சிக்கல். நண்பகலிலா, பிற்பகலிலா, இரவிலா ஆட்டம் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்களின் வசதியே பெரிதும் தீர்மானிக்கிறது. பல ஆட்டங்களுக்கு அந்த நேரம் தெரியவருவது பன்னிரண்டு நாள் முன்னர். சிலவேளை ஆறே நாள் முன்னர். அவருடைய கடமைப் பட்டியலோ அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். ஏழரை மணி ஆட்டமென்றால், ஏழு மணிக்குக் கடமையேற்க வேண்டியவர் அந்தச் சனத்திரளை ஊடறுத்துத்தான் போகவேண்டும்.