கையொப்பம் கேட்டு வந்தவர்கள்



"இன்று ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றிருக்கிறார்" என்று வகுப்பில் அறிவித்தால், உங்களுள் பெரும்பாலோர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். அதனை நான் குறை கூறமாட்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் அம்மலர்ச்சியை எதிரே நின்று கண்டவன் நான். ஆனால், அவ்வாறு சென்ற ஆசிரியர் அங்கே என்ன செய்கிறார், திரும்பும்போது எதைக் கொண்டு வருகிறார், அவர் இல்லாத நாளில் பள்ளி எவ்வாறு நடக்கிறது என்பனவற்றை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அவற்றோடு, தலைமை ஆசிரியர் அறை வாயிலில் கைப்பையுடன் காத்திருக்கும் விற்பனையாளரைப் பற்றியும் இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன். உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகலாம்; சிலர் அந்தக் கைப்பையைத் தூக்கவும் நேரலாம். இரண்டும் வயிறு வளர்க்கும் தொழில்களே.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து 1982ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தேன். தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர்களிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவற்றுள் ஒரு பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இருவர்: தலைமை ஆசிரியனாகிய நானும், துணைக்கு ஓர் ஆசிரியையும்.

இங்கே உங்களுக்கு ஒரு சிறு கணக்கு. 2001ஆம் ஆண்டில் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம், ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சி என்று வகுத்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளி ஆண்டுக்கு 200 நாள் நடைபெற வேண்டும் என்கிறது. 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர் என்பதும் அச்சட்டத்தின் அளவே. இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் முறைமாற்றிப் பயிற்சிக்குச் சென்றால், 40 நாள்கள் அப்பள்ளியில் ஒருவரே இருப்பார். 200இல் 40 என்பது ஐந்தில் ஒரு பங்கு! சனிக்கிழமைகளில் நடந்த கூட்டங்களைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவது சிறிதன்று. இவ்விதிகளை வகுத்தவர்கள் யாவரும் நல்லெண்ணம் உடையவர்களே. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் எவரும் இலர் போலும்.

ஓர் ஆசிரியர் தனித்து நிற்கும் நாளைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்டது. ஓட்டின் இடுக்கில் நீர் சொட்டுகிறது. நனைந்து வந்த முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மூலையில் நடுங்குகின்றனர். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லும்போது நான்காம் வகுப்பில் சண்டை மூள்கிறது. மழையோசையில் குரல் எடுபடுவதில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒருவரும் சொல்லாமலே, சின்னப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். இடையில் சத்துணவுக்கு அரிசிக் கணக்கு. வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு படிவம், இன்று மாலைக்குள் வேண்டுமென்று. அந்நேரத்தில் துணை ஆசிரியை தென்காசியில் ஒரு கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, "குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி" என்ற தலைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டிருப்பார்.

அக்கூடத்தில் நானும் பன்முறை அமர்ந்திருக்கிறேன். மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு. அவர்கள் வட்டார வள மையத்தில் எங்களுக்கு. இந்த ஏற்பாட்டிற்கு ஆங்கிலத்தில் 'காஸ்கேடு' என்று பெயர். அருவி என்பதே அச்சொல்லின் பொருள். எங்கள் ஊர்க்காரருக்கு அருவியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செண்பகாதேவியில் விழும் நீர் கீழே பேரருவிக்கு வரும்போது குறைந்தா வருகிறது? வழியில் பெய்த சாரலையெல்லாம் சேர்த்துக்கொண்டு பெருகியல்லவா வருகிறது! பயிற்சி அருவியோ படிக்குப் படி வற்றும். சென்னையில் மூன்று நாள் சொன்னது மாவட்டத்தில் இரண்டு நாளாகி, எங்களிடம் வரும்போது ஒரு கையேடாகச் சுருங்கும். அதை ஒருவர் வாசிக்க நாங்கள் கேட்போம். வாசித்தவரையும் நோவதற்கில்லை. அவரும் முந்திய வாரம்தான் கேட்டு வந்தார். ஐயம் எழுப்பினால், "எங்களுக்கும் இவ்வளவுதான் சொன்னார்கள், சார்" என்பார்.

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு அருகே பயிற்சி வைப்பதென்றால் வெளியூர்ப் பெரியவர்களுக்குத் தனி உற்சாகம் உண்டென்பதை இங்கே சொல்லாமல் விட்டால், என் பழைய தோழர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். பிற்பகல் அமர்வு எப்போதும் சற்று முன்னதாகவே முடியும்.

இதனால் பயிற்சிகள் யாவும் வீண் என்று கருதிவிடாதீர்கள். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கிற்று. அதுவே செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007ஆம் ஆண்டு மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்வர். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஏணிப் படம் ஒன்றைப் பார்த்துத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே அறிந்து அட்டையை எடுக்கும். இம்முறையின் அருமையை எங்கள் வட்டாரத்தில் நான் கண்ணாரக் கண்டேன். நடவுக்கும் அறுப்புக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமல் நின்றுவிடுவர். பத்து நாள் கழித்து வரும் பிள்ளை, பழைய முறையில், பத்து நாள் பாடத்தை இழந்த பிள்ளை. அட்டை முறையிலோ விட்ட படியிலிருந்தே ஏறலாம். இந்தக் காரணத்தைப் பயிற்சியில் யாரேனும் ஒரு மணி நேரம் பேசியிருந்தால், முணுமுணுத்த ஆசிரியர் பலர் மனமுவந்து ஏற்றிருப்பர். எங்களுக்குச் சொல்லித் தந்தவையோ, அட்டைகளின் நிறமும் எண்ணும், அவற்றைத் தட்டில் அடுக்கும் வரிசையும்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அம்முறையின் ஓர் அங்கம். இதனை எங்களுக்குப் புதுமையென்று அறிமுகம் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்து வந்தது வேறென்ன? 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லப் பள்ளியை ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யப் பணித்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை, நடவாது என்றனர். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து அப்பணியை ஒப்புவித்தார். அவன் செய்து காட்டினான். 1797ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெல் இதை நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்பதே பெயர். நம் திண்ணை மணல் கப்பலேறிச் சென்று, கையேடாகத் திரும்பி வந்தது என்பேன். அந்த ஆசிரியர்கள் ஏன் இணங்கவில்லை என்பதை மட்டும் எந்தப் பயிற்சியிலும் ஒருவரும் கேட்கக் காணேன். பணிச்சுமையோ, பிடிவாதமோ, முன்னரே கலந்து பேசாத குறையோ?

இனி, விற்பனையாளருக்கு வருவோம்.

அரசுப் பள்ளியில் என்ன விற்க முடியும் என்று நீங்கள் வியக்கலாம். 1987ஆம் ஆண்டின் கரும்பலகைத் திட்டம் பள்ளிகளுக்கு உலக உருண்டையும் அறிவியல் பெட்டியும் வழங்கிற்று. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் துணைக்கருவிகள் செய்துகொள்ள ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வந்தது. அந்த ஐந்நூறின் மணம் எங்கெங்கு எட்டியதோ, அறியேன்! தொகை வந்த வாரத்திலேயே சுருட்டிய படங்களும், பளபளக்கும் அட்டைகளும், எங்கள் பாடத்தில் இல்லாத விலங்குகளின் பொம்மைகளும் வாயிலுக்கு வந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு பருவம் உண்டு. குற்றாலத்தில் நீர் விழத் தொடங்கினால் இவர்கள் வரத்தும் தொடங்கும். காலையில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

அவர்களுள் ஒருவர் என்னிடம், "பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாங்கிவிட்டார்கள், சார், நீங்கள்தான் பாக்கி" என்றார். அந்த வாரமே பக்கத்து ஊர்த் தலைமை ஆசிரியரைத் தென்காசிப் பேருந்து நிலையத்தில் கண்டேன். அவரிடம் என் பெயரைச் சொல்லி அதே வாசகத்தை ஒப்பித்திருக்கிறார் அந்த மனிதர். நாங்கள் இருவரும் வாங்கவில்லை. தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பிரிந்தோம்.

ஆனால் எல்லாம் சிரிப்பில் முடிவதில்லை. பின்னர் நான் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றபோது வந்தவர்கள் துணைநூல் விற்போர். நீங்கள் 'கைடு' என்பீர்களே, அது. பாடநூலைத் தமிழ்நாட்டு அரசு இலவசமாகத் தருகிறது. அப்பாடநூலுக்கு விடைநூலைப் பெற்றோர் விலை கொடுத்து வாங்க வேண்டுமாம். மாதிரிப் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்து, "வகுப்புக்கு இத்தனை போனால் ஆசிரியருக்கு இவ்வளவு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர் உண்டு. நான் மறுத்த பிறகு, பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு வெளியே நின்று பிள்ளைகள் கையில் துண்டுத்தாள் கொடுத்தார் அவர். இரண்டு நாள் கழித்து ஒரு தாய் வந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர். எங்கள் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் அத்தொழிலால் அடுப்பெரிப்பவை. பீடித் தட்டை மடியில் வைத்துப் பழகிய விரல்களால் அந்தத் துண்டுத்தாளை விரித்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிருதேன், சார்" என்றார். அந்நூலின் விலை, ஆயிரம் பீடி சுற்றும் கூலியைவிட மிகுதி. ஆயிரம் பீடி என்றால் விடியலிலிருந்து விளக்கு வைக்கும்வரை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய மகன் கேள்விகளுக்குத் தானே விடை எழுதி வந்தான், பாதி தவறாயிருக்கும், திருத்த எனக்கு ஏதேனும் கிடைத்தது.

அன்றுதான் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. அந்த மனிதர் விற்க வந்த சரக்கு நூலன்று, என் சொல். 'சார் சொன்னார்' என்ற இரண்டு சொற்களை என்னிடம் மலிவாக வாங்கி, அத்தாயிடம் உயர்ந்த விலைக்கு விற்பதே அவருடைய வாணிகம். பயிற்சிக் கூடத்திலும் மாலையில் என்னிடம் வேண்டப்பட்டது, வருகைப் பதிவேட்டில் ஒரு கையொப்பம். இருவரும் கேட்டது என் கையொப்பத்தைத்தான். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயரை இருவருமே கேட்டதில்லை.

நான் 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். அதன்பின் பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சிகள் கைப்பேசிக்குள் புகுந்தன. அடுக்களையில் காணொளி தானே ஓடிக்கொண்டிருக்க, இறுதியில் சான்றிதழ் வந்து சேர்ந்ததென்று இளைய ஆசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டேன். விற்பனையாளரும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டார். அவருக்கு இப்போது ஆசிரியரின் தயவு தேவையில்லை. உங்கள் பெற்றோரையே நேராக அழைக்கிறார். இலவசம் என்று தொடங்கி, அறியாமலே வங்கிக் கணக்கிலிருந்து தவணை பிடித்துக்கொள்ள இசைவு வாங்கிவிடும் கல்விச் செயலிகள் குறித்து, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு எச்சரிக்கை விடுத்தது. இப்போது கையொப்பம்கூட வேண்டாம். விரல் ஒருமுறை பட்டால் போதும்.

பேரருவியில் நீராடியவர்களுக்குப் பொங்குமாகடல் தெரிந்திருக்கும். மேலிருந்து வரும் நீர் நேரே தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது; இடையிலே பாறையில் உள்ள ஆழ்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிவதாலேயே கீழே நிற்பவர் குளிக்க முடிகிறது. அப்படியொரு பயிற்றுநரை நான் ஒருமுறை கண்டேன். இளம் பெண்; வட்டார வள மையத்திற்குப் புதிதாக வந்தவர். கையேட்டை மூடி வைத்துவிட்டு, "உங்கள் வகுப்பில் இன்னும் வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையின் பெயரையும், அது கடைசியாகத் தடுமாறிய சொல்லையும் எழுதுங்கள்" என்றார். கூடம் முதலில் திகைத்தது. பிறகு எழுதத் தொடங்கிற்று.

எழுதிய சொற்களைக் கரும்பலகையில் வரிசையாகப் போட்டார். பார்த்தால், பாதிக்கு மேல் கொம்பு வைத்த எழுத்துகள்! 'கொடி', 'தோடு', 'கெண்டை' என்பவை. இடமிருந்து வலமாகவே வாசி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுதி வைத்திருக்கிறோம்; 'கொ' என்பதிலோ மெய்யின் இருபுறமும் குறி. குழந்தை முதலில் கொம்பைப் பார்த்துக் 'கெ' என்று தொடங்கி, அடுத்து வரும் காலைக் கண்டு திகைத்து நின்றுவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் 'ணை', 'லை', 'றா', 'னா' முதலியவற்றை எளிதாக்கிற்று, கொம்பைத் தொடவில்லை. ஒரு முதியவர் எழுந்து, புளியங்கொட்டைகளால் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுக்கி, நடுவிலே பிள்ளையே மெய்யைக் கொண்டு வைக்கும்படி தாம் செய்து வருவதை விளக்கினார். முப்பது ஆண்டுகளாகச் செய்கிறாராம், யாரும் கேட்டதில்லையாம். இன்னொருவர் அதை மறுத்தார். வாதம் வளர்ந்தது. தேநீர் ஆறிப் போயிற்று. மலைப்பக்கத்துக்குச் செல்லும் பேருந்து போய்விட்டது. வெளியே சாரல் வலுத்ததையும் கவனித்தாரில்லை. வருகைப் பதிவேடு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அன்று கையொப்பமிட எவருக்கும் நினைவில்லை. மறுநாள் காலையில் வந்து போட்டுச் சென்றோம்.