அழைப்பு நின்ற வயலின்



சென்ற தை மாதத்தில் ஒருநாள், பூநாரைகளைக் காண்பதற்காகப் பழவேற்காடு சென்றிருந்தேன். இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி அங்கே உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய ஊர் அது. அவர்களுடைய கல்லறைகளைப் பார்த்துவிட்டு, நண்பகலில் படகுத்துறையை அடுத்த சிறியதோர் உணவு விடுதிக்குள் நுழைந்தேன்.

எதிரில் முதியவர் ஒருவர் இறால் குழம்புடன் சோறு உண்டுகொண்டிருந்தார். வானொலிப் பெட்டியில் பழைய திரைப்பாடல் ஒன்று தொடங்கியது. உடனே அவருடைய இடக்கை விரல்கள் மேசை விளிம்பை மாறி மாறி அழுத்தலாயின.

“ஐயா வயலின் வாசிப்பவரோ?” என்று வினவினேன்.

“வாசித்தவன். இந்தப் பாட்டிலும் வாசித்திருக்கிறேன்” என்றார்.

நான் பள்ளி மாணவனாக இருந்த நாளிலிருந்து கேட்டுவரும் பாடல் அது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோர் பெயர்களை நான் அறிவேன். வாசித்தவர் ஒருவர் இருப்பார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

“காலையில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்வோம். பல நாள் படத்தின் பெயர்கூடத் தெரியாது. முன்னே வைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்போம். பாடகரும் நாங்களும் ஒரே நேரத்தில் பதிவு செய்த காலம். ஒருவர் பிசகினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பாட்டைப் பிறகு தேநீர்க் கடையில்தான் முழுதாகக் கேட்போம்” என்றார் அவர்.

1986-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மனைப் போன்ற சிலர் பெயரோடு அறியப்பட்டனர். வரிசையில் அமர்ந்த மற்றையோர் பலரை உலகம் அறியாது. பின்னர் மின்னிசைக் கருவிகளும் கணிப்பொறியும் வந்தன. பலர் சேர்ந்து எழுப்பிய ஒலியை ஒருவரே எழுப்பலானார். அழைப்புகள் குறைந்தன.

விடுதிக்காரர் இடையே புகுந்து, “நாளை எங்கள் பாடு, ஐயா” என்று மகிழ்ச்சியுடன் கூறினார். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் கிராமத்தார் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதையே அங்கே ‘பாடு’ என்பர். வல்லவனும் எளியவனும் தத்தம் முறை வரும்போது வலை வீசலாம்.

முதியவர் மெல்லச் சிரித்தார். “இவர்களுக்கு முறை உண்டு. எங்களுக்கு அழைப்பு மட்டுமே உண்டு. அது நின்றால் நின்றதுதான்.”

வானொலியில் அவர் பெயரைக் கூற விரும்புவதாகச் சொன்னேன். அவர் இணங்கவில்லை. “அன்று என் பக்கத்து நாற்காலியிலும் ஒருவர் வாசித்தார். என் பெயரை மட்டும் சொன்னால் நியாயமாகுமா?” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் என் பள்ளியின் ஆண்டு விழாக்களே நினைவில் நின்றன. பரிசு பெற்றோர் பெயர்களை ஆண்டுதோறும் மேடையில் உரத்து வாசித்தேன். விடியற்காலையில் வந்து பலகைகளைச் சுமந்து அந்த மேடையை அமைத்த சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் பெயரேனும் இன்று எனக்கு நினைவில்லை.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் அத்தகையோர் இருப்பர். அவர்கள் பெயரை இன்றே கேட்டறிந்துகொள்ளுங்கள்.