வெளியே தெரியாத வலி

(நமது பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக.

 

நம் மஹல்லாக்களில் குடும்ப வழக்குகள் ஜமாஅத்தின் முன் வரும்போது அடிக்கடி கேட்கும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. "எந்நேரமும் உடம்பு வலி என்கிறாள், எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்பதே அது. சில இடங்களில் இச்சொல் தலாக் வரை பேச்சை இழுத்துச் செல்கிறது. வேறு சில இடங்களில் சூனியம், ஜின் என்று தாயத்துக்கும் தகட்டுக்கும் பணம் கரைகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் உண்மை இருக்கக்கூடும். மருத்துவர்கள் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று அழைக்கும் நோயே அது. நார், தசை, வலி என்னும் மூன்று பொருள்களைத் தரும் சொற்களால் ஆன பெயர் இது.

இந்நோயின் அடையாளங்கள் யாவை? கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை என உடலின் இருபுறமும், மேலும் கீழும் வலி பரவி நிற்கும். மூன்று மாதங்களுக்கு மேலாகவும் அது நீடிக்கும். இரவு முழுதும் படுத்திருந்தாலும் ஃபஜ்ருக்கு எழும்போது உறங்காதவர் போன்ற அசதி இருக்கும். மறதியும் மனக்குழப்பமும் சேரும். தலைவலி, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் சிலருக்கு உடன் வரும். பெண்களிடம் இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது. ஆயினும் ஆண்களுக்கும் வரும். இது உயிரைப் பறிப்பதில்லை, மூட்டுகளைக் கோணலாக்குவதுமில்லை. அதனாலேயே பிறர் கண்ணுக்கு நோயாளி நலமாக இருப்பவராகத் தோன்றுகிறார்.

அருப்புக்கோட்டைத் தறிகளிலும் நூல் ஆலைகளிலும் உழைப்போர், திருச்சுழி வட்டாரக் கரிசல் காடுகளில் பருத்தி எடுப்போர், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோர் ஆகிய எல்லோருக்கும் உடல்வலி புதிதன்று. ஆனால் உழைப்பின் வலி ஓய்வெடுத்தால் தணியும். இந்த வலியோ ஓய்விலும் தணியாது.

காரணம் என்ன? வலியை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு மண்டலத்தின் அளவீடு பிறழ்ந்துவிடுவதே அடிப்படை என்று இன்றைய மருத்துவம் கருதுகிறது. நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். அதன் ஒலியளவை மிகவும் கூட்டி வைத்துவிட்டால், முஅத்தின் மெல்லச் செருமுவதும் ஊர் முழுக்க இரைச்சலாகக் கேட்கும். செருமல் சிறியதே, ஆனால் ஊர் கேட்ட இரைச்சல் பொய்யன்று. இந்நோயாளியின் உடலிலும் அப்படியே. சிறு அழுத்தமும் பெருவலியாக உணரப்படுகிறது.

இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்கலாம். உண்டு. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கட்டைவிரல் நகத்தின் மீது அளவிட்ட அழுத்தம் கொடுத்து, அவ்வேளையில் மூளையைப் படம் எடுத்தார்கள். நலமுள்ளோருக்கு மிகச் சிறிதே வலி தந்த மெல்லிய அழுத்தத்திற்கு நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகள் விழித்தெழுந்தன. நடிப்பவரால் தம் மூளைப் படத்தை அவ்வாறு மாற்றிக் காட்ட இயலுமா? அதற்கு முன்பே, 1975இல், கனடாவின் டொரான்டோ நகரில் மோல்டோஃப்ஸ்கி என்னும் மருத்துவர், நலமுள்ளவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் குலைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் இதே போன்ற உடல்வலி தோன்றியது.

1981இல் முஹம்மது யூனுஸ் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 50 நோயாளிகளை நலமுள்ளோருடன் ஒப்பிட்டு ஆராய்ந்து இந்நோயின் இயல்புகளை வகுத்தளித்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் யூனுஸ் வேறு, இவர் வேறு.

பரம்பரை இயல்பு, விபத்து, தொற்றுநோய், நீண்ட மனவேதனை, உறக்கமின்மை ஆகியவை இந்நோயைத் தூண்டக்கூடியவை. 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் வலியால் வாடியவர்களை நாம் அறிவோம். அவ்வலி எல்லாம் இந்நோய் அன்று. ஆயினும் காய்ச்சல் போனபின்னும் வலி தங்கக்கூடும் என்பதற்கு அது பாடம்.

கண்டறிவது எப்படி? இதற்கென்று தனி இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ இல்லை. 1990இல் அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர் சங்கம் உடலில் 18 இடங்களை வகுத்து, அவற்றில் 11 இடங்களிலேனும் அழுத்தும்போது வலிக்க வேண்டும் என்றது. 2010இல் வந்த புதிய முறை, வலிக்கும் இடங்களின் எண்ணிக்கையோடு அசதி, உறக்கம், நினைவாற்றல் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டது. ஆகவே மருத்துவர் பொறுமையாகக் கேட்டு அறிய வேண்டிய நோய் இது. இரத்தப் பரிசோதனைகள் பிற நோய்களை அறிவதற்கே. தைராய்டு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம், நீரிழிவு ஆகியவையும் உடல்வலி தரும். தருமபுரிப் பகுதியில் கண்டதுபோல் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தாலும் எலும்பும் மூட்டும் வலிக்கும். எனவே பரிசோதனை இயல்பாக வந்தால் அதன் பொருள் நோயில்லை என்பதன்று. அந்த நோய்கள் இல்லை என்பதே.

சிகிச்சை என்ன? முழுமையாகத் துடைத்தெறியும் ஒரே மருந்து இல்லை. ஆனால் தணிக்கும் வழிகள் உண்டு. 2017இல் ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவர் கூட்டமைப்பு எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டு, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றையே. நாளொன்றுக்கு ஐந்து, பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முதலில் வலி சற்று மிகலாம். அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. குறித்த நேரத்தில் உறக்கமும் மனநல ஆலோசனையும் துணை செய்யும். அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பயன் தருகின்றன. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரிதும் உதவுவதில்லை. குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. ஸ்டீராய்டு ஊசியும் இதற்கு மருந்தன்று.

மார்க்கம் என்ன சொல்கிறது? அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அவர்களைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். ஆகவே வலியைச் சொல்வது பொறுமையின்மை ஆகாது. நிவாரணம் வந்தபோதும், காலால் தரையை உதைக்குமாறு அவர்களுக்குக் கட்டளை வந்தது. அதன் பின்னரே குளிர்ந்த நீர் கிடைத்தது. நோயாளியின் அசைவையும் அல்லாஹ் ஷிஃபாவின் வழியாக்கினான். துஆ செய்வோம், ஓதுவோம்; மருத்துவரிடமும் செல்வோம். எந்நோய்க்கும் மருந்துண்டு என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இயலுகிறதா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி கேட்கவில்லை; நோயாளியின் சொல்லையே ஏற்றார்கள். அந்த நம்பிக்கையை நாம் நம் மனைவிக்கும் மருமகளுக்கும் தர மறுப்பது நியாயமா?

இந்த ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி வரும் குடும்ப வழக்குகளில், மருத்துவரின் கருத்தைப் பெறாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவது, நம் பெண்கள் அச்சமும் கூச்சமும் இன்றி நடைப்பயிற்சி செய்ய, மதரஸா திடலை அஸருக்குப் பின் அவர்களுக்கென ஒதுக்குங்கள். மூன்றாவது, மாமியார்களும் கணவன்மார்களும் 'நடிப்பு' என்ற அந்த ஒரு சொல்லைக் கைவிடுங்கள். உறக்கத்தைக் குலைக்கும் மனவேதனை வலியைக் கூட்டும் என்பதை முன்னரே பார்த்தோம். அச்சொல்லே நோயை வளர்க்கிறது.

முஃமின்கள் அனைவரும் ஓர் உடல் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுதும் உறங்காமல் அதற்காகத் துடிக்கும் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நம்மில் ஒருத்தி உறங்காதிருக்கும் இரவில் நாம் அவளைப் பரிகசித்துவிட்டு நிம்மதியாக உறங்கினால், அந்த உடலில் நாம் எந்த உறுப்பு?

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருப்போருக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.