பொய்க்குத் தண்டனை கொடு, கேள்விக்குப் பூட்டுப் போடாதே!

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த மக்கள் சந்திப்பில் நமது கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் பேசிய உரை. நேரில் வர முடியாத நண்பர்களுக்காக எழுத்து வடிவில்:



"மலை மேல வந்து பேஸ்புக், வாட்ஸ்அப் சட்டத்தைப் பத்தி என்னய்யா பேச்சு? ரோட்டைப் பத்திப் பேசு"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா அய்யா, ரோடு சரியில்லைன்னு இன்னைக்கு நீங்க எங்க போய்ச் சொல்றீங்க? உங்க பேரன் செல்போன்ல படம் பிடிச்சுப் போடுறான். அந்தப் படம் இருக்கணுமா, தூக்கணுமான்னு யார் முடிவு பண்றது? அதைத்தான் பேச வந்திருக்கேன்.

நம்ம பக்கத்துலயே நடந்த ரெண்டு சம்பவத்தைச் சொல்றேன்.

முதல் சம்பவம், 2018 மே மாதம். நம்ம மலையடிவாரத்துல, போளூர் பக்கம் அத்திமூர். சென்னையில இருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல்னு வாட்ஸ்அப்ல பரவிய வதந்தியை நம்பி ஊரே அடிச்சது. வயசான ஒரு அம்மா செத்தே போயிட்டாங்க. அதனால, சமூக ஊடகத்துல எதை வேணும்னாலும் பரப்பலாம்னு நான் சொல்ல வரலை. பொய் ஆளைக் கொல்லும். நம்ம மாவட்டமே சாட்சி.

ரெண்டாவது சம்பவம், 2015 ஏப்ரல் 7. ஆந்திரா சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதுல நம்ம மலைக்காரங்களும் இருந்தாங்க. செம்மரம் வெட்ட வந்தவங்க கல்லாலும் கோடாரியாலும் தாக்கினாங்க, தற்காப்புக்குச் சுட்டோம்னு போலீஸ் சொன்னது. பஸ்ஸில் இருந்து இறக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு உயிர் தப்பியவங்க சொன்னாங்க. உடல்களோட படங்களைப் பார்த்து நாடே கேள்வி கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணைக்கு வந்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அரசு சொல்றது மட்டும்தான் உண்மை, மத்ததெல்லாம் பொய்ச் செய்தின்னு ஒரு சட்டம் அன்னைக்கு இருந்திருந்தா, உயிர் தப்பியவங்க பேச்சு வெளியே வந்திருக்குமா?

இது கற்பனை இல்லை. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு அப்படி ஒரு விதியைக் கொண்டு வந்தது. ஒன்றிய அரசின் பணிகளைப் பத்தின பதிவுகளில் எது பொய், எது திரிப்புன்னு அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புக் குழு சொல்லும். சொன்ன பிறகும் நீக்கலைன்னா, நிறுவனத்துக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு போயிடும். நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் மத்தவங்களும் வழக்குப் போட்டாங்க. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. குற்றம் சாட்டப்படுறவரே தீர்ப்பு எழுதக் கூடாது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துக்கே தெரிஞ்ச நியாயம் இது!

அதுக்கு முன்னாடி 66ஏ-ன்னு ஒரு பிரிவு இருந்தது. இணையத்துல எழுதினது யாருக்காவது எரிச்சலூட்டினா 3 வருஷம் வரை ஜெயில். 2012-ல் ஒரு ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரிக்காரர் ஒருத்தரைக் கைது செஞ்சாங்க. 2015 மார்ச் 24-ஆம் தேதி, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதுன்னு தூக்கியெறிந்தது. சேஷாசலம் துப்பாக்கிச் சூட்டுக்குச் சரியா 14 நாள் முன்னாடி!

சட்டம் போச்சு, பழக்கம் போகலை. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளத்தை முடக்கினாங்க. காரணம் ஒரே ஒரு கார்ட்டூன். அமெரிக்கா நம்ம ஆட்களைச் சங்கிலி போட்டுத் திருப்பி அனுப்பினப்போ, பிரதமர் சங்கிலியோட டிரம்ப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி வரைஞ்சாங்க. ஒரு படத்துக்காக மொத்த தளத்துக்கும் பூட்டு. சென்னை உயர் நீதிமன்றம் போய், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமா எடுத்த பிறகுதான் மார்ச்சில் பூட்டு திறந்தது.

இதுல எல்லா ஆட்சிக்கும் பங்கு உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதோட ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பினது நம்ம தமிழ்நாடு சட்டமன்றம்தான்.

விகடனுக்கு வக்கீல் இருக்கார், உயர் நீதிமன்றம் பக்கத்துலயே இருக்கு. இந்த மலையில இருக்கிற நம்ம தம்பியோட பதிவு காணாமப் போனா? எந்த அதிகாரி சொன்னார், எந்தச் சட்டத்துல சொன்னார்னு கூடத் தெரியாது. இணையத் தடைக்கான 2009 விதிகள் அதை ரகசியமா வைக்கச் சொல்லுது. நிறுவனமும் நமக்காகச் சண்டை போடாது. எடுத்துட்டா வம்பு இல்லை, எடுக்கலைன்னா வழக்கு. அவன் எதைச் செய்வான்?

அப்ப அத்திமூருக்கு என்ன பதில்? அடிச்சவங்களைக் கைது செய்யக் கொலைச் சட்டமே போதுமானதா இருந்தது. அதே வருஷம், ஒரு செய்தியை ஒரே நேரத்துல 5 பேருக்கோ 5 குழுவுக்கோ மேல அனுப்ப முடியாதுன்னு வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வச்சது. வதந்தியோட வேகம் குறைய வழி கிடைச்சது, யார் வாயையும் அடைக்கலை.

நம்ம கோரிக்கை நாலு:

1. பதிவை நீக்கினா, எழுதினவருக்குக் காரணத்தோட, அவர் மொழியிலேயே தகவல் வரணும்.
2. அரசை விமர்சிக்கிற பதிவை அரசு அதிகாரி மட்டும் பார்த்து நீக்கக் கூடாது. நீதிபதி பார்க்கணும்.
3. நீக்கல் உத்தரவுகள் எத்தனை, எதுக்குன்னு பொதுவில் வெளியிடணும்.
4. மேல்முறையீட்டுக்கு மாவட்டத்திலேயே, செலவில்லாம வழி வேணும்.

நாளைக்கு நாமே ஆட்சிக்கு வந்தாலும் இந்த நாலும் நமக்கும் பொருந்தும். நம்ம மேல வர்ற கேலிச் சித்திரத்தையும் நாம தாங்கிக்கத்தான் வேணும். பொருந்தலைன்னா, இதே ஜமுனாமரத்தூருக்கு வந்து நான் பேசினதை எனக்கே போட்டுக் காட்டுங்க.

தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி அத்திமூர் அம்மாவை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அநியாயத்தைப் பார்த்தும் பேசாம இருக்கத் தோணுச்சுன்னா, சேஷாசலத்துல போன அந்த 20 பேரை நினைச்சுப் பாருங்க.