கதவு திறக்கும் நாள்

(எமது சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். பார்க் றோயலில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை. இவன் என்ன செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். பயப்படாதேங்கோ. நான் சொல்ல வந்தது வீட்டுக்குள் அடைபட்டிருப்பதைப் பற்றி. அதில் எங்கட ஆக்களுக்கு அனுபவம் கூட.

செவ்வாய்க்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் ஒரு கூண்டுக்குள் இருக்க வேண்டும். மனிசர் அதைத் தாங்குவார்களா என்று பார்க்க, பூமியிலேயே செவ்வாய் வீடு கட்டி ஆட்களை உள்ளே விடுகிறார்கள். மொஸ்கோவில் 2010 யூன் 3ஆம் திகதி ஆறு ஆண்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். மூன்று ரஷ்யர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு இத்தாலியர், ஒரு சீனர். யன்னல் இல்லை, வெயில் இல்லை. ஒவ்வொரு நாளும் பரிசோதனை, உடற்பயிற்சி, அளந்த சாப்பாடு. 520 நாள் கழித்து, 2011 நவம்பர் 4ஆம் திகதிதான் கதவு திறந்தது.

பிறகு அமெரிக்காவில் ஹியூஸ்டனில் நாலு பேர் 2023 யூனிலிருந்து 378 நாள் இருந்தார்கள். அவர்களுடைய வீடு 1,700 சதுர அடி. உள்ளே தக்காளியும் வளர்த்தார்கள். அங்கே ரெலிபோன் கதை கிடையாது. செய்தி ஒரு பக்கம் போக 22 நிமிடம் வரை எடுக்கும். "சாப்பிட்டியா?" என்று வீட்டில் கேட்டால், பதில் போய்ச்சேர முக்கால் மணித்தியாலம்!

இந்தியாவும் இதில் இறங்கிவிட்டது. 2025இல் லடாக்கில், 4,500 மீற்றருக்கு மேலே, சோ கார் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு வீடு அமைத்து இரண்டு பேர் பத்து நாள் இருந்தார்கள். அதைத் திறந்து வைத்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் எங்கட கன்னியாகுமரித் தமிழர்.

இனி என்னுடைய கதைக்கு வாறன். மொஸ்கோவில் அவர்கள் வெளியே வந்த அதே 2011இல்தான் நான் இங்கே வந்து அடைபட்டேன். வெம்பிளியில் ஒரு வீடு, நாங்களும் ஆறு பேர். கேஸ் முடியாமல் வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களோடு ஒரு தம்பி இருந்தான். வந்த புதிதில் சமையல் எல்லாம் அவன்தான். போகப்போகப் பகல் முழுக்கப் படுக்கை. நாங்கள் அவனைச் சோம்பேறி என்றோம். நான்தான் கூடச் சொன்னேன். ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை.

மொஸ்கோ ஆட்களின் கையில் மணிக்கூடு மாதிரி ஒரு கருவி கட்டி, அவர்களின் அசைவை அளந்திருந்தார்கள். 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நாள் போகப்போக அவர்களுக்கு நடமாட்டம் குறைந்தது, படுக்கை கூடியது. தெரிந்தெடுத்த, நல்ல சுகதேகிகளுக்கே இப்படி! கடைசி இருபது நாளளவில்தான் திரும்ப உசாரானார்கள். ஏன்? கதவு திறக்கும் நாள் அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. நாலு வருடம் கழித்துத்தான் எனக்குக் கடிதம் வந்தது. அவன் சோம்பேறி இல்லை என்று விளங்க எனக்கு இன்னும் கனகாலம் எடுத்தது.

அந்த ஆறு பேரை வெளியே இருந்து ஒரு கூட்டமே இரவு பகலாய்க் கவனித்தது. எங்கட வெம்பிளி அறைகளுக்குள் இன்றைக்கும் கடிதம் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளைகளை ஆர் கவனிக்கிறது? சங்கம் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. இந்த வருசப் பிறப்புக்குப் பொங்கும்போது ஒரு கிண்ணம் கூட எடுத்து வையுங்கோ. கொண்டுபோய் அந்தக் கதவைத் தட்டுங்கோ. எழும்பி வரச் சுணங்கும். நின்று தட்டுங்கோ.