தடையை முறியடிப்பது எது?

அரசு ஒரு செய்திச் செயலியை முடக்கினால் நுட்பம் எப்படியும் வழி கண்டுவிடும் என்பது நம் துறையில் நிலைபெற்ற கருத்து. இந்த அவையிலும் அதைச் சொல்பவர்கள் இருக்கிறீர்கள். நான் உடன்படவில்லை. தடைக்காக அரசு எவ்வளவு இழக்கத் துணிகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

நீங்கள் வழக்கமாகக் காட்டும் சான்று ரஷ்யா. நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். உளவு அமைப்பான எஃப்எஸ்பி மறையாக்கச் சாவிகளைக் கேட்க, டெலிகிராம் என்னும் செய்திச் செயலி மறுத்தது. 2018 ஏப்ரல் 13 அன்று மாஸ்கோ நீதிமன்றம் தடைக்கு ஆணையிட்டது. 16 முதல் கண்காணிப்பு வாரியமான ரொஸ்கொம்நட்சோர் அடைக்கத் தொடங்கியது. டெலிகிராம் அமேசான், கூகுள் நிறுவனங்களின் மேகச் சேவையகங்களுக்குள் புகுந்துகொண்டது. ஓர் ஐபி முகவரி அடைபட்டால் புதியது செயலிக்குத் தானே போய்ச் சேரும். துரத்திய வாரியம் 1.5 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை அடைத்தது. அதே முகவரிகளை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர்! இணையக் கடைகள் தடுமாறின, வைபர் அழைப்புகள் அறுந்தன, கிரெம்ளின் அருங்காட்சியகங்களின் சீட்டு விற்பனைகூடச் சிக்கியது, டெலிகிராமோ ஓடிக்கொண்டிருந்தது. 2020இல் கொரோனாத் தகவல்களை அரசே டெலிகிராம் வழியாக வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் 18 அன்று தடை விலக்கப்பட்டது. தடையைச் சுற்றிச் செல்ல விபிஎன்னும் ப்ராக்ஸியும் உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரசின் கையைக் கட்டியது, தன் வணிகத்தையே நொறுக்காமல் அச்செயலியை நொறுக்க முடியாத நிலைதான். மேகச் சேவையகங்களில் கிடைத்த மறைவிடமும் இரவல்தான்: பெரிய தளத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து செல்லும் வழியைக் கூகுளும் அமேசானும் அதே 2018இல் மூடின, எகிப்திலும் ஓமானிலும் அவ்வழியை நம்பியிருந்த சிக்னல் என்னும் செய்திச் செயலி தவித்தது.

எப்படியானாலும் அரசு பணிந்ததே என்பீர்கள். பணிந்த அரசு சும்மா இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரவுப் போக்குவரத்தின் தன்மையையே ஆராய்ந்து வடிகட்டும் கருவிகள் இணைய நிறுவனங்களின் வலையமைப்புகளில் பொருத்தப்பட்டன. முகவரிகளைக் கண்மூடித்தனமாக அடைக்க வேண்டிய தேவை குறைந்தது. தடையின் விலையும் இறங்கியது. 2024 ஆகஸ்டில் சிக்னல் முடக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகள் ஒடுக்கப்பட்டன. அடுத்த மாதமே மேக்ஸ் என்னும் உள்நாட்டுச் செயலி புதிய கைபேசிகளில் முன்கூட்டியே நிறுவப்பட வேண்டும் என்றானது. மாற்றுச் செயலி கையில் இருக்கும் அரசுக்கு இழப்பச்சம் இன்னும் குறைவு.

ஈரானைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் டெலிகிராம் தடைசெய்யப்பட்ட பின் பலர் ஹாட்கிராம் போன்ற போலிப் பதிப்புகளுக்குப் போனார்கள்; வழி கிடைத்தது, அந்தரங்கம் போயிற்று. இலங்கையில் 2018, 2019, 2022 ஆண்டுகளின் சமூக ஊடகத் தடைகள் குறுகியவை. அவற்றை வைத்து விபிஎன்னின் வலிமையை அளக்கக் கூடாது. 2023இல் இந்திய அரசு ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி முடக்கிய 14 செயலிகளில், இணையமின்றி ப்ளூடூத்தில் இயங்கக்கூடிய பிரையரும் இருந்தது. அது தனி ஆய்வுக்குரியது. தடைகளால் சிறு வணிகர் அடைந்த இழப்பையும் இலவச விபிஎன்களின் உரிமையாளர் யார் என்பதையும் இளம் ஆய்வாளர்கள் தேட வேண்டும். சிக்னல் ப்ராக்ஸி அமைக்கத் தமிழில் தெளிவான கையேடு ஒன்றும் எழுதப்பட வேண்டும்.